தலைவர்கள் குனியலாமா? – ஒரு பரோடாக் கதை

பரோடாவில் (வடோதரா என்றுதான் எழுத வேண்டும், கை இன்னும் பழகவில்லை) குடியிருக்கும் தமிழர்கள் யாராக இருந்தாலும் ஒரு பெயரைத் தினமும் நாலு தடவையாவது கேட்டுவிடுவோம். சயாஜி. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பூங்கா சயாஜி பாக். அவசரத்துக்கு ஓடுகிற பெரிய ஆஸ்பத்திரி சயாஜி ஆஸ்பத்திரி. பிள்ளைகள் சேர்கிற பல்கலைக்கழகம் சயாஜிராவ் பல்கலைக்கழகம். என்னைப் போல வங்கியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: 1908-இல் பாங்க் ஆஃப் பரோடாவைத் தொடங்கியவரும் இதே மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்தான்.

இவ்வளவு செய்த மனிதரைப் பற்றி உலகம் ஒரு காலத்தில் பேசியது இவை எதையும் அல்ல. அவர் எத்தனை தடவை குனிந்தார் என்பதைப் பற்றித்தான்!

ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவர் முன்னால் தலை குனியலாமா, கூடாதா? கொஞ்ச வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது இந்தச் சர்ச்சை கிளம்பும். 2009 ஏப்ரலில் லண்டன் ஜி-20 மாநாட்டில் ஒபாமா சவுதி மன்னர் அப்துல்லாவின் முன் குனிந்தார் என்று ஒரே ரகளை. வெள்ளை மாளிகை "அது குனிவே அல்ல" என்று மறுத்தது. அதே வருஷம் நவம்பரில் டோக்கியோவில் ஜப்பான் சக்கரவர்த்தி அகிஹிட்டோவின் முன் ஒபாமா இடுப்பு வரை வளைந்தபோது யாராலும் மறுக்க முடியவில்லை. போட்டோ அவ்வளவு தெளிவு. "அமெரிக்கா தலை குனிந்தது" என்று ஒரு கூட்டம், "இது வெறும் மரியாதை" என்று இன்னொரு கூட்டம்.

இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் ஒரு முக்கியமான கேள்வியை விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அதைப் பிடிக்க வேண்டுமானால் 1911-க்குப் போக வேண்டும்.

டெல்லி தர்பார்

1911 டிசம்பர் 12. டெல்லிக்கு வடக்கே பெரிய மைதானம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் நேரிலேயே வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்ததும் அன்றைக்குத்தான். இந்திய சமஸ்தானாதிபதிகள் ஒவ்வொருவராக வந்து மன்னரை வணங்க வேண்டும். அதற்கு ஒரு முறை வகுத்திருந்தார்கள். முன்னால் வர வேண்டும், மூன்று தடவை குனிய வேண்டும், பிறகு மன்னருக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து விலக வேண்டும்.

முதலில் ஹைதராபாத் நிஜாம். அடுத்தது பரோடா. அப்போது 21 குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானங்கள் ஹைதராபாத், மைசூர், பரோடா மூன்றுதான் என்பதால் வரிசையில் அவ்வளவு முன்னால்.

சயாஜிராவ் வந்தார். மற்ற மகாராஜாக்கள் வைரமும் வைடூரியமுமாக ஜொலிக்க, இவர் ஆடம்பர நகைகள் இல்லாமல், கையில் ஒரு கைத்தடியோடு வந்தார். ஒரே ஒரு தடவை குனிந்தார். திரும்பினார். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

சில விநாடிகள்தான். ஆனால் அன்றைக்கு அங்கே சினிமா காமிராக்கள் இருந்தன. லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. ராஜ துரோகம், திமிர் என்றெல்லாம் எழுதினார்கள். ஏற்கெனவே அவர் மேல் ஆங்கிலேயருக்கு ஒரு கண். அரவிந்தர் (பிறகு நம் புதுச்சேரிக்கு வந்தவரேதான்) 1893 முதல் 1906 வரை பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர் ஆயிற்றே!

வேண்டுமென்றே செய்தாரா, பதற்றத்தில் நடந்ததா? வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அடுத்து நடந்தது தெரியும். சயாஜிராவ் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவமதிக்கும் எண்ணம் துளியும் இல்லை, பெரிய சபையில் பதற்றமாகிவிட்டது, வருந்துகிறேன் என்ற பொருளில் ஒரு மன்னிப்புக் கடிதம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதுகைக் காட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கைதட்டல் அங்கேதான் கிடைக்கும். கடிதம் பலருக்கு நெருடல். அந்தக் கடிதத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் வேறு சிலரையும் பார்த்துவிடுவோம்.

குனிய மறுத்தவர்கள்

1616 ஜனவரியில் அஜ்மீர். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் தூதராக சர் தாமஸ் ரோ (சூரத்தில் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்) ஜஹாங்கீரின் தர்பாருக்குப் போகிறார். நெற்றி தரையில் படும்படி வணங்கச் சொன்னபோது மறுத்துவிட்டு, தன் நாட்டு வழக்கப்படியே வணங்கினார். ஜஹாங்கீர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகவே பேசி அனுப்பினார். பலமுள்ளவருக்கு இந்த மாதிரி விஷயத்தில் தாராளமாக இருக்க முடியும்.

எல்லா அரசவையும் அப்படி இல்லை. 1793-இல் மெகார்ட்னி பிரபு சீனச் சக்கரவர்த்தி சியென்லுங்கிடம் தூது போனார். (இவர் 1781 முதல் 1785 வரை நம் சென்னையில், ஜார்ஜ் கோட்டையில், கவர்னராக இருந்தவர்.) சீன முறைப்படி மூன்று தடவை மண்டியிட்டு ஒன்பது தடவை நெற்றியால் தரையைத் தொட வேண்டும். மெகார்ட்னி ஒரு யோசனை சொன்னார். நான் அப்படியே செய்கிறேன், ஆனால் எனக்குச் சமமான பதவியில் உள்ள ஒரு சீன அதிகாரி எங்கள் மன்னரின் படத்துக்கு முன்னால் அதையே செய்ய வேண்டும்!

சீனர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தன் மன்னருக்குச் செய்வது போல ஒரு காலை மட்டும் மண்டியிட்டு வணங்கினார். கேட்ட வர்த்தக சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னால் "பார்த்தீர்களா, குனிந்திருந்தால் காரியம் நடந்திருக்கும்" என்பார்கள். இரண்டே வருஷத்தில் அதற்கும் பதில் கிடைத்தது. 1795-இல் டச்சுக்காரர்கள் பீகிங் போனார்கள். சொன்னபடியெல்லாம் நெற்றியைத் தரையில் முட்டினார்கள். அவர்களுக்கும் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை. 1816-இல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு போனார், மறுத்தார், சக்கரவர்த்தியைப் பார்க்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். குனிந்தவருக்கும் பூஜ்யம், பாதி குனிந்தவருக்கும் பூஜ்யம், மறுத்தவருக்கும் பூஜ்யம். கணக்கு டேலி ஆகிவிட்டது :-)

ஆக, குனிந்தால் லாபம் என்ற வாதம் நிற்காது. பேரம் வேறு இடத்தில் முடிவாகிறது. பிறகு சீனா போர்களில் தோற்றுப் பலமிழந்த பின், 1873-இல் வெளிநாட்டுத் தூதர்கள் சீனச் சக்கரவர்த்தியைப் பார்த்தார்கள். நெற்றி தரையில் படவில்லை, நின்றபடி வணங்கினார்கள். முறையை மாற்றியது பீரங்கிதான்.

நம் ஊரில் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது: போகாமலே இருப்பது. உதய்பூர் மகாராணா ஃபதே சிங் 1903 தர்பாருக்காக டெல்லி வரை வந்துவிட்டு, கலந்துகொள்ளாமல் திரும்பினார். 1911-இலும் தர்பாரில் அவருக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது.

கையெழுத்து அதிகாரம்

வங்கியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று: வங்கியின் சார்பில் கையெழுத்துப் போடும்போது அது உன் கையெழுத்து அல்ல. ஒரு வாடிக்கையாளர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், அவர் என் அப்பாவின் நண்பராகவே இருந்தாலும், என் பையிலிருந்து நூறு ரூபாய் கொடுக்கலாமே தவிர வங்கிப் பணத்தில் ஒரு பைசாவைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தலைவர்கள் குனிவதும் எனக்கு இப்படித்தான் படுகிறது. வயதில் மூத்தவரைக் கண்டால் கும்பிடுவது நம் பழக்கம். கல்யாண வீட்டில் பெரியவர் காலில் விழுகிறோம், அதில் யாருக்கும் குறைவில்லை. அது என் தலை, நான் குனிகிறேன். ஆனால் ஒரு நாட்டின் பிரதமரோ ஜனாதிபதியோ வெளிநாட்டு மண்ணில் நிற்கும்போது அந்தத் தலை அவருக்கு மட்டும் சொந்தமில்லை. நம் எல்லோர் சார்பிலும் போடும் கையெழுத்து அது. வள்ளுவர் அடக்கத்துக்கு ஓர் அதிகாரம் வைத்தார், மானத்துக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

அதற்காகக் குனியவே கூடாதா? அதுவும் சரியில்லை. எதிரில் இருப்பவரும் நமக்கு அதையே செய்வாரா என்று பார்த்தால் போதும். மெகார்ட்னி கேட்டது அதைத்தான். ஜப்பானில் ஒருவருக்கொருவர் குனிவதுதான் வணக்கம். நம் கைகூப்புதலும் அப்படித்தான், அதை வாங்குகிறவரும் கைகூப்புகிறார். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஸ்பெயின் மன்னரையும் ராணியையும் கைகூப்பி வரவேற்றாரே, அதில் யார் உயர்ந்தார், யார் தாழ்ந்தார்?

இன்னொன்றும் உண்டு, இது இன்னும் முக்கியம். குனிந்தவரால் மறுத்திருக்க முடியுமா? நான் மேலே சொன்ன, எல்லோரும் விட்டுவிடுகிற கேள்வி இதுதான். ஒபாமா வளையாமல் கைகுலுக்கியிருந்தால் யாரும் அவரைப் பதவியிலிருந்து இறக்கப் போவதில்லை. அகிஹிட்டோவுக்கு ஆட்சி அதிகாரமே கிடையாது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டப்படி அவர் அப்போது நாட்டின் சின்னம் மட்டும். அவர் பெரிதாக வளையாமல் கைகொடுத்தார், இவர் கைகுலுக்கிக்கொண்டே தேவைக்கு மேல் வளைந்தார். வேண்டுமானால் முறை தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். ஒரு நாட்டை விற்றுவிட்டார் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

1970 டிசம்பர் 7-இல் ஜெர்மானியப் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில், யூதர்களின் எழுச்சி நினைவுச் சின்னத்தின் முன் திடீரென்று மண்டியிட்டார். யாரும் கேட்கவில்லை, எந்த முறையிலும் எழுதியிருக்கவில்லை. ஜெர்மனியிலேயே அப்போது ஒரு பத்திரிகை எடுத்த கருத்துக் கணிப்பில் 48 சதவீதம் பேர் அது அதிகப்படி என்றார்கள், 41 சதவீதம் பேர் சரி என்றார்கள். அடுத்த வருஷம் அவருக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு. அவர் குனிந்தது எந்த மன்னருக்கும் இல்லை. செத்துப்போனவர்களுக்கு. மறுக்க முடிந்த ஒருவர் தானாகக் குனிந்ததால்தான் அதற்கு அவ்வளவு கனம்.

மறுபடி பரோடா

இப்போது சயாஜிராவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் அவருக்குத் திருப்பிக் குனியப் போவதில்லை. மறுக்க முடியுமா? அதற்கு அவர் வீட்டுக் கதையே பதில் சொல்லும்.

அவருக்கு முன்னால் அரியணையில் இருந்தவர் மல்ஹார்ராவ் கெய்க்வாட். ஆங்கிலேய ரெசிடெண்ட் ஃபேருக்கு விஷம் வைக்கப் பார்த்தார் என்று அவர் மேல் குற்றச்சாட்டு. விசாரித்த குழுவில் மூன்று ஆங்கிலேயர்கள், மூன்று இந்தியர்கள். தீர்ப்பு ஒருமனதாக வரவில்லை. அப்படியும் ஆட்சி சரியில்லை என்று சொல்லி 1875-இல் அவரை இறக்கிவிட்டார்கள். எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? மதராஸுக்கு. அங்கேயே 1882-இல் இறந்தார். அவர் இடத்துக்கு காவ்லானா என்ற கிராமத்திலிருந்து 12 வயதுப் பையனை ராணி ஜம்னாபாய் தத்தெடுத்தார். அவர்தான் சயாஜிராவ்.

பையன் வளரும் வரை திவானாக இருந்து சமஸ்தானத்தை நடத்தியவர் யார்? கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ்! திருவனந்தபுரம் ஸ்டாச்யூ ஜங்ஷனில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். அதாவது பரோடா தன் ராஜாவை மதராஸுக்கு அனுப்பியது, பதிலுக்கு நம் ஊரிலிருந்து ஒரு திவான் வந்தார். அவர் இளம் மகாராஜாவுக்குச் சொன்ன பாடங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. பிரிட்டிஷ் அரசோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் அதில் இடம் உண்டு.

இப்படி வளர்ந்தவருக்கு, ஒரு ராஜாவை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1911-இல் அவருக்கு வயது 48. முழு அதிகாரத்தோடு ஆள ஆரம்பித்து முப்பது வருஷம். 1906-இலேயே சமஸ்தானம் முழுக்கக் கட்டாய ஆரம்பக் கல்வி கொண்டு வந்தாகிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது அது கிடையாது. நூலகங்கள், பள்ளிகள், வங்கி என்று நடக்கிறது. ஒருபுறம் தன் மானம். மறுபுறம் இவ்வளவும்.

அவர் கடிதம் எழுதினார். அரியணையில் நீடித்தார். 1913-இல், அதாவது தர்பார் முடிந்து இரண்டு வருஷத்துக்குள், பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் ஓர் இளைஞர் அமெரிக்காவுக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கக் கப்பலேறினார். பெயர் பீமராவ் அம்பேத்கர்.

இதை ரொம்ப இனிப்பாகவும் முடித்துவிடக் கூடாது. அதே அம்பேத்கர் படிப்பு முடிந்து 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது இந்த ஊரில் தங்க அவருக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. ஊரை விட்டே போனார். மகாராஜா மன்னர் முன்னால் எத்தனை தடவை குனிந்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்துத் தெருவில் தினமும் யார் யாரைக் குனிய வைத்தார்கள் என்று எண்ணவில்லை. இன்றைக்கும் தலைவரின் முதுகு எத்தனை டிகிரி வளைந்தது என்று டிவியில் கோடு போட்டுக் காட்டுபவர்கள், தாலுகா ஆபீஸில் கைகட்டி நிற்கும் மனிதரைக் கவனிப்பதில்லை.

சரி, அந்தக் கடிதத்தை எப்படி எடுத்துக்கொள்வது? சிலர் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தர்பாரில் மூன்று தடவை குனியச் சொன்னது அவமானமா என்றால், ஆமாம். ஆனால் அந்த அவமானம் அன்றைக்குப் புதிதாக வந்தது அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலேயரோடு போட்ட ஒப்பந்தங்களில் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. தர்பார் அதை ஊரறியக் காட்டியது, அவ்வளவுதான். அடிமைச் சீட்டு பெட்டியில் இருக்கும்போது முதுகை மட்டும் நிமிர்த்தி என்ன ஆகும்? ஒருநாள் கைதட்டல். அவர் அந்த ஒருநாளை விட்டுக்கொடுத்துவிட்டு, இன்னும் 27 வருஷம் ஆண்டு 1939-இல் காலமானார்.

சுதந்திரம் என்பதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம். எனக்குப் பிடித்த விளக்கம் ரொம்பச் சின்னது: குனியாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலை. 1949 ஏப்ரலில் லண்டனில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இந்தியா குடியரசாகும், ஆனால் காமன்வெல்த்தில் நீடிக்கும். மன்னர் அதற்கு அடையாளத் தலைவர் மட்டும், அவருக்கு விசுவாசப் பிரமாணம் எதுவும் கிடையாது. 1961 ஜனவரி 26 அன்று, அதே டெல்லியில், ஐந்தாம் ஜார்ஜின் பேத்தி எலிசபெத் ராணி நம் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க விருந்தினராக வந்திருந்தார். அவரை வரவேற்றவர் ராஜேந்திர பிரசாத், நாம் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி. தர்பார் முடிந்து ஐம்பது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

இந்தியா கேட் விதானத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜின் பெரிய சிலை, பிற்பாடு தர்பார் நடந்த அதே மைதானத்துக்கே, இப்போது கொரனேஷன் பார்க் என்கிறார்களே அங்கே, கொண்டுபோய் வைக்கப்பட்டது. விதானத்தில் 2022 முதல் நேதாஜி நிற்கிறார்.

அதனால் நம் தலைவர் யாராவது வெளிநாட்டில் யாரையாவது பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் நான் பதறுவதில்லை. அவரும் திருப்பிச் செய்தாரா என்று பார்ப்பேன். பிறகு அன்றைக்கு என்ன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்ப்பேன். முதுகு வளைந்தால் ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்துவிடும். கையெழுத்தை நிமிர்த்த நமக்கு 1947 வரை ஆயிற்று.

பரோடாவுக்கு வந்தால் காலா கோடாவில், கறுப்புக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சயாஜிராவை ஒரு தடவை பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் முதுகைக் காட்டிய கதையோடு கடிதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதிக் கதையில் அவர் ஒரு வீரர். முழுக் கதையில் அதைவிடப் பெரியவர் என்பது என் அபிப்பிராயம்.